கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் கைதட்டலாமா?

கேள்வி: சின்ன வயதிலிருந்தே யூபிசாஃப்ட் கம்பெனியின் வீடியோ கேம் ஆட்டங்களோடு வளர்ந்தவன் நான். அசாசின்ஸ் கிரீட், ஃபார் கிரை, பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா எதையும் விட்டதில்லை. ஆனால் சில வருடங்களாக அந்தக் கம்பெனி மேல் கடும் கோபம். காசு கொடுத்து வாங்கிய 'த குரூ' என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வரை அணைத்துவிட்டார்கள். எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் அதே பெரிய வரைபடம், அதே வேலைகள். முழு விலை கொடுத்த பிறகும் உள்ளே ஒரு கடை. அதனால் நஷ்டம், ஸ்டூடியோ மூடல், ஆட்குறைப்பு என்று செய்தி வரும்போதெல்லாம் நானும் நண்பர்களும் 'நல்லா வேணும்' என்று கொண்டாடுவோம். சமீபத்தில் வேலை இழந்த ஒரு லெவல் டிசைனர் (ஆட்டத்துக்குள் வரும் இடங்களை வடிவமைப்பவர்) தன் நிலைமையை எழுதியிருந்தார். 'முதலில் நல்ல கேம் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று அதன் கீழே எழுதினேன். பிறகுதான் தெரிந்தது, எந்தக் கோட்டையைப் பார்த்து நான் லெவல் டிசைன் கற்க ஆரம்பித்தேனோ, அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். எழுதியதை அழித்துவிட்டேன், மனசு ஆறவில்லை. நான் கோபப்பட்டது தப்பா? கம்பெனி கவிழ்ந்தால் என்னிடம் இருக்கும் ஆட்டங்கள் என்ன ஆகும்? இந்தத் துறைக்குள் வரும் எண்ணத்தை விட்டுவிடலாமா?
– 22 வயது வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கோபப்பட்டது தப்பில்லை. காசு கொடுத்து வாங்கியதை ஒருநாள் அவர்கள் இஷ்டத்துக்கு அணைத்தால் யாருக்கும் கோபம் வரும். 'த குரூ' 2014-ல் வந்தது. 2023 டிசம்பரில் கடைகளிலிருந்து எடுத்தார்கள், 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். தனியாக வண்டி ஓட்டுவதற்குக்கூட இணையத் தொடர்பு கட்டாயம் என்று வடிவமைத்திருந்ததால் அன்றோடு மொத்த ஆட்டமும் போனது. வாடிக்கையாளரை இப்படி நடத்திய நிறுவனத்தின் அடுத்த ஆட்டத்தை வாங்க மாட்டேன் என்று நீங்கள் முடிவெடுத்தால், நான் உங்கள் பக்கம்தான்.

ஆனால் நீங்கள் கொண்டாடியது வேறு. அந்தக் கொண்டாட்டத்துக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. தப்பான முடிவெடுத்தவர்களுக்கு நஷ்டம் ஒரு தண்டனை என்பது ஒன்று. பட்டால்தான் புத்தி வரும், இனிமேலாவது நல்ல ஆட்டம் செய்வார்கள் என்பது இன்னொன்று. கேம் ஸ்டூடியோக்களில் தயாரிப்புப் பொறுப்பில், அதாவது பட்ஜெட் போடுகிறவர்களுக்கும் வேலை செய்கிற குழுவுக்கும் நடுவில், பல வருடம் இருந்தவன் நான். இரண்டு நம்பிக்கையும் பெரும்பாலும் பொய்த்துப்போவதைத்தான் பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த நஷ்டம் என்பது என்ன என்று பார்க்கலாம். 2023 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் யூபிசாஃப்ட் சுமார் 50 கோடி யூரோ இயக்க நஷ்டம் காட்டியது. அந்த ஒரு வருடத்தில் யாரும் விளையாடவில்லை, பணம் வரவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆட்டம் தயாராகிற வருடங்களில் அதற்கு ஆகும் சம்பளத்தையும் செலவையும் பெரிய நிறுவனங்கள் உடனே செலவுக் கணக்கில் எழுதுவதில்லை, 'சொத்து' என்று ஏட்டில் ஏற்றி வைக்கின்றன. ஆட்டம் வெளியாகி விற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள். ஆட்டத்தை ரத்து செய்தாலோ, எதிர்பார்த்தபடி விற்காது என்று தெரிந்தாலோ, ஏற்றி வைத்த தொகையை ஒரே அடியாக நஷ்டத்தில் எழுத வேண்டும். பாதி கட்டிய வீட்டுக்கு ஆன செலவைச் சொத்துக் கணக்கில் வைத்திருந்து, இனிமேல் கட்டப்போவதில்லை என்று முடிவெடுக்கும் நாளில் எல்லாவற்றையும் இழப்பாக எழுதுவது போல. 2023 ஜனவரியில் யூபிசாஃப்ட் அறிவிக்காத மூன்று ஆட்டங்களை ரத்து செய்தது, 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' ஆட்டத்தை மறுபடியும் தள்ளிப்போட்டது, ஏட்டிலிருந்த சுமார் 50 கோடி யூரோவைக் கழிக்கப்போவதாகச் சொன்னது. நஷ்டத் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

அதாவது அந்த வருடம் தலைப்புச் செய்தியான நஷ்டம் அதற்கும் பல வருடம் முன்னால் எடுத்த முடிவுகளின் விலை. எந்த ஆட்டத்தைத் தொடங்குவது, எத்தனை பேரைப் போடுவது, திசை தெரியாமல் நிற்கிற திட்டத்தை எத்தனை வருடம் இழுப்பது, இவையெல்லாம் மேலே தீர்மானமாகிறவை. நீங்கள் கிண்டல் செய்த லெவல் டிசைனருக்கு அந்த அறையில் நாற்காலி இருந்திருக்காது. தனக்குக் கொடுத்த கோட்டையை அவர் கட்டினார். அது எந்த ஆட்டத்துக்குள் போகும், உள்ளே கடை வைப்பார்களா, எந்த மாதம் வெளியாகும் என்பதில் அவருக்குப் பேச்சே கிடையாது.

அப்படியென்றால் வெட்டு ஏன் அவர் மேல் விழுகிறது? ஸ்டூடியோவின் செலவு என்பதே பெரும்பாலும் ஆட்கள்தான். வட அமெரிக்க ஸ்டூடியோக்களில் ஓர் ஆளுக்கு, சம்பளம், இடம், கருவி எல்லாம் சேர்த்து, மாதம் 10,000 டாலர் என்று போடுவது துறையில் பழைய தோராயக் கணக்கு. இன்று அது இன்னும் கூடுதல். 300 பேர் ஐந்து வருடம் வேலை செய்தால் 18 கோடி டாலர் ஆகிறது. நிஜமான தொகையும் இதே அளவில்தான் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்கியது தொடர்பான அமெரிக்க வழக்கில், 2023-ல், சரியாக மறைக்காமல் வெளியான சோனி ஆவணம் ஒன்றில் 'ஹொரைஸன் ஃபார்பிடன் வெஸ்ட்' ஆட்டத்தின் செலவு 21.2 கோடி டாலர் என்றும், 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தின் செலவு 22 கோடி டாலர் என்றும் இருந்தது. 70 டாலருக்கு விற்கும் ஆட்டத்தில் கடையின் பங்காக 30 சதவீதம் போனால் மிஞ்சுவது 49 டாலர். 20 கோடி டாலரை எடுக்க 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் முழு விலையில் விற்க வேண்டும், விளம்பரச் செலவைச் சேர்க்காமலே. இவ்வளவு பெரிய பந்தயத்தில் தோற்ற நிறுவனம் அடுத்த காலாண்டில் பங்குதாரர்களிடம் 'செலவைக் குறைத்துவிட்டோம்' என்று காட்ட வேண்டும். குறைப்பதற்கு அதன் கையில் இருப்பது ஆட்கள்தான். அதனால்தான் 2022-ல் 20,000-க்கும் மேல் ஊழியர்கள் இருந்த யூபிசாஃப்டில் 2025 மார்ச்சில் 18,000-க்கும் குறைவானவர்களே இருந்தார்கள்.

யூபிசாஃப்டின் 'எக்ஸ்டிஃபையன்ட்' ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? 2024 மே மாதம் வெளியானது, டிசம்பரிலேயே நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். கூடவே சான் பிரான்சிஸ்கோ, ஒசாகா ஸ்டூடியோக்களை மூடினார்கள், சிட்னி ஸ்டூடியோவைச் சுருக்கினார்கள், மொத்தம் 277 பேருக்கு வேலை போகும் நிலை வந்தது. இலவசத் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்கள் ஏற்கெனவே நெருக்கியடிக்கும் சந்தையில் இன்னொன்றை இறக்கலாம் என்று முடிவெடுத்தது அந்த 277 பேரா?

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் மேல் உங்களுக்கு முன்னாலேயே கோபப்பட்டவர்கள் அங்கே வேலை செய்தவர்கள்தான். 2020-ல் பாலியல் தொல்லை, அவமதிப்புப் புகார்களை வெளியே கொண்டுவந்தது ஊழியர்கள். அதன் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் பிரான்ஸின் பொபினி நீதிமன்றம் முன்னாள் நிர்வாகிகள் மூவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. 2023 ஜனவரியில், அந்த மூன்று ரத்துகளுக்குப் பிறகு, தலைமைச் செயல் அதிகாரி ஈவ் கியமோ ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் இனிமேல் எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். பிரெஞ்சுத் தொழிற்சங்கம் அதே மாதம் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. நிர்வாகம் எடுத்த முடிவின் சுமையை எங்கள் தலையில் ஏற்றாதே என்பதுதான் அவர்கள் கேட்டது. நீங்களும் அவர்களும் ஒரே ஆளைப் பார்த்துத்தான் கோபப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் ஆட்குறைப்புச் செய்தி வந்த நாளில் உங்கள் கைதட்டல் அந்த ஆளுக்குப் போகவில்லை, அவரை எதிர்த்து நின்றவர்களுக்குப் போனது.

எல்லா நிறுவனமும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. நின்டென்டோவின் தலைவராக இருந்த சத்தோரு இவாட்டா, வீ யூ என்ற விளையாட்டுக் கருவி சரியாக விற்காமல் நிறுவனம் நஷ்டத்தில் போனபோது, 2014-ல் தன் சம்பளத்தை ஐந்து மாதத்துக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார். மற்ற இயக்குநர்களின் சம்பளமும் குறைந்தது. அதற்கு முந்தைய வருடம் ஆட்குறைப்பு பற்றிப் பங்குதாரர் கூட்டத்தில் கேட்டபோது, வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களால் உலகத்தை ஈர்க்கும் ஆட்டத்தைச் செய்ய முடியும் என்று தான் நம்பவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். நியாயமாகப் பார்த்தால், நின்டென்டோவிடம் பெரிய ரொக்கக் கையிருப்பு இருந்தது, ஜப்பானிய சட்டத்தில் ஆட்களை நீக்குவதும் கடினம். இருந்தாலும் அவர் சொன்னதை நான் குழுக்களுக்குள் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆட்குறைப்புக்குப் பிறகு மிஞ்சியவர்கள் துணிச்சலான யோசனை எதையும் மேசைக்குக் கொண்டுவருவதில்லை. போன முறை விற்றதையே திரும்பச் செய்யலாம் என்பார்கள், ஏனென்றால் அதற்காக யாரும் அவர்களை வேலையிலிருந்து எடுக்க மாட்டார்கள்.

இதுதான் உங்கள் இரண்டாவது நம்பிக்கைக்கும் பதில். நஷ்டம் பாடம் சொல்லித் தருமா? தரும், ஆனால் நீங்கள் சொல்ல நினைத்த பாடம் அங்கே போய்ச் சேராது. நீங்கள் வாங்காமல் விட்ட காரணம் உங்கள் மனதில் இருக்கிறது: கடை பிடிக்கவில்லை, ஒரே மாதிரி இருக்கிறது, சர்வரை அணைத்தீர்கள். நிறுவனத்தின் மேசைக்குப் போவது ஓர் எண் மட்டும். அந்த எண்ணுக்குக் காரணம் எழுதுவது உள்ளே இருப்பவர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு ஆட்டம் விற்காததற்கு விளையாடியவர்கள் ஒரே குரலில் சொன்ன காரணம் முடிவடையாத நிலையில் வெளியிட்டது. ஆய்வுக் கூட்டத்தில் முடிவாக எழுதியது, 'இந்த வகை ஆட்டங்களுக்குச் சந்தை இல்லை' என்று. அந்த வகை ஆட்டத்தை நேசித்துச் செய்த குழு கலைந்தது. தேதியை நெருக்கியவர்கள் அடுத்த ஆட்டத்துக்குத் தேதி குறித்தார்கள்.

யூபிசாஃப்டிலேயே பாருங்கள். 2024 ஜனவரியில் மொன்பெலியே ஸ்டூடியோ 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: த லாஸ்ட் கிரவுன்' ஆட்டத்தைக் கொடுத்தது. பெரிய வரைபடம் இல்லை, வழக்கமான ஒரே மாதிரி வேலைகள் இல்லை. விமர்சகர்கள் பாராட்டினார்கள், நீங்கள் கேட்ட மாற்றம் கிட்டத்தட்ட அப்படியே வந்தது. விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. சில மாதங்களில் அந்தக் குழுவைக் கலைத்து வேறு திட்டங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். 2026 ஜனவரியில் இன்னும் பெரிய நெருக்கடி வந்தது. சுமார் 100 கோடி யூரோ இயக்க நஷ்டம் எதிர்பார்ப்பதாகச் சொன்னபோது ஆறு ஆட்டங்களை ரத்து செய்தார்கள். அதில் ஒன்று 'த சாண்ட்ஸ் ஆஃப் டைம்' மறு உருவாக்கம், உங்களைப் போன்ற பழைய ரசிகர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தது. பணம் வற்றும்போது நிறுவனம் அசாசின்ஸ் கிரீடை விடாது, அதைத்தான் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். 2025-ல் சீனாவின் டென்சென்ட் நிறுவனம் 116 கோடி யூரோ போட்டு ஏறத்தாழ கால் பங்கு வாங்கிய துணை நிறுவனமும் அசாசின்ஸ் கிரீட், ஃபார் கிரை, ரெயின்போ சிக்ஸ் ஆகிய மூன்றுக்காகத்தான் ஆரம்பிக்கப்பட்டது.

அப்போ வாடிக்கையாளர் வாயை மூடிக்கொண்டு வாங்க வேண்டுமா? இல்லவே இல்லை. வேண்டியதை வெளிப்படையாக, குறிப்பாகக் கேட்டால் நடக்கிறது. 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' வெளியாவதற்குச் சற்று முன்னால் ஈ.ஏ. நிறுவனம் ஆட்டத்துக்குள் பணம் கட்டும் வசதியையே நிறுத்தியது. 'பணம் கட்டியவனுக்குச் சண்டையில் பலம் கூடக்கூடாது' என்று விளையாடுகிறவர்கள் தெளிவாகச் சொன்னதுதான் காரணம். பின்னால் அது திரும்பி வந்தபோது தோற்ற அலங்காரங்களுக்கு மட்டும் என்று வந்தது. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' ஆட்டத்தை கணினியில் விளையாட சோனி கணக்கு கட்டாயம் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இந்த ஒரே காரணத்தை எழுதி மதிப்பீட்டைக் குறைத்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள்.

உங்கள் சொந்தக் குறையான 'த குரூ' விஷயமும் அப்படித்தான். அந்த ஆட்டம் நின்றதை வைத்து 2024-ல் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் தொடங்கியது. விற்ற ஆட்டத்தை நிறுத்தினாலும் விளையாடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்பது அதன் ஒரே கோரிக்கை. 2025 ஜூலையில் ஐரோப்பிய குடிமக்கள் மனுவில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. இடையில் 2024 செப்டம்பரிலேயே 'த குரூ 2', 'மோட்டார்ஃபெஸ்ட்' இரண்டுக்கும் ஆஃப்லைன் வசதி தருவதாக யூபிசாஃப்ட் அறிவித்தது. உங்கள் 'த குரூ' திரும்பி வரவில்லை, அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அடுத்தவை பிழைக்க வழி கிடைத்தது, அதைச் சாதித்தது கோரிக்கை. பங்கு விலை விழுந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதில் எதையும் சேர்க்கவில்லை.

ஒரு விஷயம் இடையில் சொல்லிவிடுகிறேன். கூடச் சேர்ந்து கைதட்டுகிறவர்கள் யார் என்றும் பாருங்கள். 'அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்' வெளியாவதற்கு முன்பிருந்தே அதில் யசுகே என்ற கறுப்பின சாமுராய் நாயகனாக இருப்பதைச் சகிக்க முடியாமல் அந்த நிறுவனம் அழிய வேண்டும் என்று எழுதியவர்கள் ஏராளம். விலையும் சர்வரும் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. உங்கள் நியாயமான கோபம் அந்தக் கூச்சலோடு கலந்துவிட்டால் நிர்வாகத்துக்கு ரொம்ப வசதி. எல்லா விமர்சனத்தையும் 'வெறுப்பாளர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஓரத்தில் வைத்துவிடலாம்.

சரி, அந்த லெவல் டிசைனர். அவருக்கு எழுதுங்கள். சின்னதாக எழுதுங்கள். 'அன்று உங்கள் பதிவின் கீழே அப்படி எழுதியது நான்தான், மன்னித்துவிடுங்கள்' என்று ஒரு வரி போதும். ஏன் எழுதினேன், கம்பெனி மேல் என்ன கோபம் என்ற விளக்கம் வேண்டாம், அது உங்கள் மனசை ஆற்றுவதற்கானது, அவருக்குப் பயன்படாது. அடுத்து அந்தக் கோட்டையைப் பற்றி எழுதுங்கள். 'அருமை' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த மதில், எந்த வாசல், எந்த இடத்தில் நின்றபோது உள்ளே போகும் வழி உங்களுக்குத் தானாகப் புரிந்தது, அதைப் பார்த்து நீங்கள் செய்த முதல் லெவலில் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். ஆயிரம் பேர் சேர்ந்து செய்யும் ஆட்டத்தில் தன் கைவேலையை ஒருவர் கவனித்தார் என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. பதில் எதிர்பார்க்காதீர்கள். என் வேலைகளைப் பார்த்துக் கருத்து சொல்லுங்கள் என்று அதே கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள். அவர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் ஆட்டங்கள் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில்: நிறுவனம் விழுந்தால் ஆட்டம் அன்றே மறைந்துவிடாது. டி.எச்.க்யூ. நிறுவனம் 2012 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. அடுத்த மாதம் அதன் ஸ்டூடியோக்களையும் தொடர்களையும் ஏலம் விட்டார்கள். ரெலிக் ஸ்டூடியோ சேகாவுக்குப் போனது, மெட்ரோ, செயின்ட்ஸ் ரோ தொடர்கள் டீப் சில்வருக்குப் போயின, பாதியில் நின்ற ஒரு 'சவுத் பார்க்' ஆட்டத்தை வாங்கியது யூபிசாஃப்ட்தான். மதிப்புள்ள பெயரை யாராவது வாங்குவார்கள். ஆபத்து இருப்பது சர்வரை நம்பி ஓடும் ஆட்டங்களுக்கு, அதுவும் நிறுவனம் நல்ல நிலையில் இருக்கும்போதே அவற்றை அணைக்கலாம். உங்களிடம் உள்ளவற்றை ஒருநாள் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள்: இணையத்தைத் துண்டித்தால் எது ஓடுகிறது, எது ஓடவில்லை? ஓடாதவற்றில் இனிமேல் கூடுதல் பணம் போடாதீர்கள். பழைய ஆட்டங்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஆசை என்றால், இணையச் சரிபார்ப்பு இல்லாமல் ஓடும் ஆட்டங்களை விற்கும் ஜி.ஓ.ஜி. போன்ற இணையக் கடையில் வாங்கி, நிறுவும் கோப்பைத் தனியாகச் சேமித்து வையுங்கள். மற்ற டிஜிட்டல் கடைகளில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் உரிமம் மட்டும்தான். கலிஃபோர்னியாவில் இதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லியே விற்க வேண்டும் என்று 2025 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கிறது.

துறைக்குள் வரலாமா என்ற கேள்விக்கு 'தாராளமாக' என்று சொல்ல ஆசை. ஆனால் நிலைமை கஷ்டமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்து விளையாடியதைப் பார்த்து, வட்டியும் குறைவாக இருந்ததால், நிறுவனங்கள் அளவுக்கு மேல் ஆள் எடுத்தன, ஸ்டூடியோக்களை வாங்கின. கூட்டம் குறைந்து, 2022-லிருந்து வட்டியும் ஏறியதும் வெட்டு ஆரம்பித்தது. மைக்ரோசாஃப்ட் சுமார் 6,900 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிலிஸார்டை வாங்கி முடித்த மூன்றே மாதத்தில், 2024 ஜனவரியில், கேம் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. அதே ஆண்டு மே மாதம் தன் டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டூடியோவை மூடுவதாகச் சொன்னது. எல்லோரும் கொண்டாடிய 'ஹை-ஃபை ரஷ்' செய்தவர்கள் அவர்கள். பின்னால் கிராஃப்டான் என்ற கொரிய கேம் நிறுவனம் அந்த ஸ்டூடியோவைக் காப்பாற்றியது. நல்ல ஆட்டம் செய்தால் வேலை பத்திரம் என்ற உத்தரவாதம் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. இப்போது தொடக்க நிலை வேலைக்கும் ஐந்து வருட அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களோடுதான் நீங்கள் போட்டி போட வேண்டும்.

அதனால் கற்பதை நிறுத்தாதீர்கள், ஆனால் வருமானத்துக்கு வேறு வழி ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேம் உருவாக்கப் பயன்படும் அன்ரியல் மென்பொருள் தெரிந்தவர்களுக்குத் திரைப்பட முன்தயாரிப்பிலும் கட்டட வடிவமைப்புக் காட்சிகளிலும் வேலை இருக்கிறது. போர்ட்ஃபோலியோவில் முடியாத ஒரு பிரம்மாண்ட நகரத்தைவிட, முடித்த மூன்று சின்ன லெவல்கள் மேல். ஒவ்வொன்றுக்கும் முதலில் பெட்டிகளால் அடுக்கிய வடிவத்தையும், மேலிருந்து பார்க்கும் வரைபடத்தையும், வேறு யாரோ விளையாடும்போது எங்கே தடுமாறினார், அதற்காக நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதையும் சேருங்கள். ஆள் தேர்வு செய்யும் இடத்தில் உட்கார்ந்தபோது நான் முதலில் தேடியது அந்தத் திருத்தத்தைத்தான்.

பெரிய பெயர் உள்ள நிறுவனம்தான் கனவு என்று கட்டிப்போட்டுக்கொள்ளாதீர்கள். யூபிசாஃப்டிலிருந்து வெளியேறிய கியோம் புரோஷ், மொன்பெலியேவில் சாண்ட்ஃபால் என்ற ஸ்டூடியோவை ஆரம்பித்தார். சுமார் 30 பேர் கொண்ட மையக் குழு 2025 ஏப்ரலில் 'கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' ஆட்டத்தை வெளியிட்டது, அந்த ஆண்டு த கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த ஆட்டத்துக்கான விருது அதற்குத்தான். இந்தக் கதையையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அந்த 30 பேருக்கு வெளியே அசைவூட்டம், சோதனை, இசை என்று நிறையப் பேர் உழைத்திருக்கிறார்கள், பணம் போட ஒரு வெளியீட்டாளர் இருந்தார், இதே மாதிரி கிளம்பிக் காணாமல் போன குழுக்கள் பல. இருந்தாலும் பெரிய ஸ்டூடியோவில் கற்ற கைகள்தான் வெளியே போய்ப் புதியதைச் செய்கின்றன. ஆட்குறைப்பில் கலைந்துபோகும் குழுக்களில் இருப்பவையும் அதே கைகள்தான்.

வேலைக்கு அழைப்பு வந்தால் சம்பளம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். இந்தத் திட்டத்துக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள், எந்தக் கட்டம் வரைக்கும் உறுதியாகியிருக்கிறது என்று கேளுங்கள். குழுவில் எத்தனை பேர் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், போன ஆட்டம் முடிந்த பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். வெளியீட்டுக்கு முன்பே விலகுகிறவரின் பெயர் ஆட்டத்தின் இறுதிப் பட்டியலில் வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள், பல இடங்களில் வராது, வராவிட்டால் அத்தனை வருட வேலைக்கு அடுத்த இடத்தில் சாட்சி இருக்காது. நேர்மையான ஸ்டூடியோ இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. மழுப்பினால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே ஏற்கெனவே வேலை பார்த்து வெளியேறிய இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள்.